சந்தையில் வாங்கிய ஐந்து ஸ்பானியக் காசுகள்: எது எந்தக் காலம், எது போலி?

மாட்ரிட்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஸ்பெயினில் இருக்கிறேன், காசு சேர்ப்பதில் புதியவன். இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பெரியவர் தரையில் துணி விரித்துப் பழைய சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். சாவி, பதக்கம், ஓடாத கடிகாரம் இவற்றுக்கு நடுவே ஒரு தகர டப்பாவில் காசுகள். ஐந்தையும் சேர்த்து ஒரே விலை சொன்னார், கொஞ்சம் பேரம் பேசி வாங்கிக்கொண்டேன். படம் ஏற்றினால் தளம் மறுக்கிறது, அதனால் எழுத்திலேயே சொல்கிறேன்.

முதலாவது பெரிய வெள்ளி. குறுக்களவு 39 மில்லிமீட்டர், எடை 23.6 கிராம். ஒரு பக்கம் வலது பக்கம் பார்க்கும் ராஜா, தலையில் இலைமாலை, சுற்றிலும் 'கரோலுஸ்' என்று எழுதி நான்கு கோடு, கீழே 1806. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம், இரு பக்கமும் தூண்கள், எழுத்துகளின் கடைசியில் எம் தலையில் குட்டி ஓ, பிறகு 8 ஆர், பிறகு எஃப் எம். விளிம்பில் நம்ம ஊர் ரூபாய் மாதிரி நேர்க்கோடுகள். காந்தம் இழுக்கவில்லை, அதனால் வெள்ளி என்று நம்பி வாங்கினேன்.

இரண்டாவதும் வெள்ளி, ஆனால் வட்டமே இல்லை, வெட்டியெடுத்த தகடு மாதிரி கோணல்மாணல். 6.2 கிராம். ஒரு பக்கம் சிலுவை, மூலைகளில் கோட்டையும் சிங்கமும். மறுபக்கம் இரண்டு தூண்கள், அடியில் அலை மாதிரி வளைவுகள், மேலே பி, 2, இ என்று தெரிகிறது, கீழே 73. பெரியவர் இது 'அட்டோச்சா' கப்பலோடு மூழ்கிய புதையல் என்று சொன்னார்.

மூன்றாவது செம்பு. முழுக்க நசுங்கியிருக்கிறது, கோட்டை போல ஏதோ ஒன்று, அதன் மேலேயே கிரீடமும் ரோமன் எண்ணில் பன்னிரண்டும் குத்தியிருக்கிறார்கள். நான்காவது விரல் நகம் அளவு கறுத்த காசு, இரண்டு போர்வீரர்கள், நடுவில் ஒரு கொடிக்கம்பம், அடியில் பி சி ஓ என் எஸ் டி. மறுபக்கத்தில் தலை, 'கான்ஸ்டன்டினுஸ்' வரை படிக்க முடிகிறது, அதற்கப்புறம் ஐ வி என், பிறகு என் ஓ பி சி. ஐந்தாவது தடித்த வெண்கலம், சிங்கத்தோல் போட்ட ஒரு தலை, பின்னால் இரண்டு மீன்கள். இது ஏதோ ஹோட்டல் டோக்கனாக இருக்கும் என்று என் அறைத்தோழன் சிரிக்கிறான்.

எது அசல்? கறுத்ததைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? டிசம்பரில் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

நோட்டக்காரன் எழுதியது:

பெரிய வெள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன், நீங்கள் பணம் கொடுத்தது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும். அது போலி. படம் பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் எழுதியதை வைத்தே சொல்ல முடியும்.

எம் தலையில் ஓ இருந்தால் மெக்சிகோ நாணயச்சாலை. 8 ஆர் என்றால் எட்டு ரியால், ரியால் அந்தக் கால ஸ்பானியப் பணம். எஃப் எம் என்பது வெள்ளியை நோட்டம் பார்த்து, அதாவது தரம் சோதித்துப் பொறுப்பேற்ற இரண்டு அதிகாரிகளின் முதலெழுத்துகள். ஒவ்வொரு காசிலும் இந்த எழுத்துகள் உண்டு, யார் எந்த ஆண்டு பதவியில் இருந்தார் என்ற பட்டியலும் நம்மிடம் இருக்கிறது. எஃப் எம் ஜோடி மெக்சிகோவில் 1801-இல் முடிந்துவிட்டது. அடுத்து எஃப் டி, 1803-இலிருந்து டி எச். ஆகவே 1806-ஆம் ஆண்டு மெக்சிகோ எட்டு ரியாலில் டி எச் தான் இருக்க வேண்டும். உங்கள் காசின் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு ஆண்டுக் காசுகளிலிருந்து நகலெடுத்தவை. சுற்றுலாக்காரர்களுக்காக இப்போது அடிப்பவர்கள் இதையெல்லாம் சரிபார்ப்பதில்லை, அதுதான் நமக்கு வசதி.

எடையும் ஒத்துவரவில்லை. எட்டு ரியால் 27.07 கிராமுக்கு அடிக்கப்பட்டது. கைமாறிக் கைமாறித் தேய்ந்தாலும் 26, 26.5 என்று நிற்கும். மூன்றரை கிராம் குறைய வேண்டுமானால் ராஜாவின் முகமே அழிந்திருக்க வேண்டும், உங்களுக்கோ இலைமாலை வரை தெரிகிறது. விளிம்பு மூன்றாவது சாட்சி. ராஜா தலை போட்ட எட்டு ரியாலின் விளிம்பில் வட்டம், செவ்வகம், வட்டம், செவ்வகம் என்று மாறிமாறி வரும். அந்த வடிவத்தை இரண்டு பட்டைகளுக்கு நடுவே காசை உருட்டிப் பதித்தார்கள், அதனால் எதிரெதிரே இரண்டு இடங்களில் வடிவம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். போலி செய்பவர்கள் பலர் இதை விட்டுவிடுவார்கள். அசலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது அந்த ஏறல்தான்.

காந்தத்தை நம்பாதீர்கள். பித்தளையையும் காந்தம் இழுக்காது, செம்பையும் இழுக்காது. காந்தம் இழுத்தால் போலி என்று முடிவு கட்டலாம், இழுக்காவிட்டால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டில் 0.1 கிராம் காட்டும் தராசு இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரை அதில் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள், காசை நூலில் கட்டி டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். அந்தக் கால வெள்ளிக்கு 10.2, 10.3 வாக்கில் வரும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஸ்பானிய அமெரிக்க வெள்ளிக் காசில் ராஜாவின் தலை வந்ததே 1772-இல்தான். அதற்கு முன் 1732-இலிருந்து இரண்டு தூண்கள், நடுவில் கடலலைக்கு மேல் இரண்டு உலக உருண்டைகள், அவ்வளவுதான். 1768 என்று போட்டு ராஜா தலையும் இருக்கும் எட்டு ரியாலை இணையத்தில் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். நான்காம் கரோலுஸுக்கு நான்கு கோடு போட்டது சரிதான். 1789, 1790 மெக்சிகோ காசுகளில் மட்டும் பெயர் புது ராஜாவுடையது, முகம் செத்துப்போன பழைய ராஜாவுடையது. புது முகம் கடல் தாண்டி வந்து சேரும் வரை இருந்ததை வைத்து ஓட்டினார்கள். அது பிழை மாதிரி தெரியும், ஆனால் அசல்.

அமராவதிக்கரை எழுதியது:

நான்காவதையும் ஐந்தாவதையும் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அறைத்தோழரிடம் சொல்லுங்கள், அந்த 'ஹோட்டல்' கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இருந்த ஊர்.

சிங்கத்தோல் தலை மெல்கார்ட், லெபனான் கரையிலிருந்து வந்த பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர்களின் தெய்வம், கிரேக்கர்கள் தங்கள் ஹெராக்ளிஸ் இவர்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். மீன் இரண்டும் சூரை. ஊர் காதிர், ரோமானியர் வாயில் காதெஸ், இன்றைய காடிஸ். பினீசியர்கள் அங்கே பெரிய மெல்கார்ட் கோயில் வைத்திருந்தார்கள், சூரை பிடித்து உப்பிட்டு மத்தியதரைக் கடல் முழுக்க விற்றார்கள். இன்றைக்கும் வசந்த காலத்தில் அந்தக் கரையோரம் வலைக்கட்டு போட்டுச் சூரை பிடிக்கிறார்கள். மீன்களுக்கு மேலும் கீழும் ஏதாவது கிறுக்கல் தெரிகிறதா என்று பாருங்கள், அது பினீசிய எழுத்து, அதில் ஊர்ப்பெயர் இருக்கும். எழுத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் தெற்கு ஸ்பெயினிலேயே செக்ஸ் என்ற ஊரும், இன்றைய அல்முன்யேகர், மீன் போட்ட காசு அடித்திருக்கிறது. மீன் காசுக்கும் வார்ப்புப் போலிகள் உண்டு. விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடமோ பரப்பு முழுக்க ஊசிமுனைக் குழிகளோ இருந்தால் சந்தேகப்படுங்கள். எடையையும் எழுதுங்கள்.

இப்போது குட்டிக் காசு. இது எனக்குப் பிடித்த ரகம், ஏனென்றால் காசே தன் தேதியைச் சொல்லிவிடும். இரண்டு வீரர்கள் இருக்கும் பக்கத்தில் 'குளோரியா எக்ஸெர்சிடுஸ்' என்று இருந்திருக்கும், படையின் பெருமை என்று பொருள். இந்த வகை கி.பி. 330-இல் தொடங்கியபோது வீரர்களுக்கு நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள். 335 வாக்கில் காசின் எடையைக் குறைத்தார்கள், அத்தோடு கம்பமும் ஒன்றானது. உங்களுடையதில் ஒன்று, ஆக 335-க்கு முன்னால் இல்லை. தலைப் பக்கத்தில் ஐ வி என் என்றால் இளையவர், என் ஓ பி சி என்றால் இளவரசர் பட்டம். அதாவது பெரிய கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன், அப்பா உயிரோடு இருந்தபோது. அப்பா 337 மே மாதம் இறந்தார், அதே ஆண்டு செப்டம்பரில் மகன்கள் மூவரும் பேரரசர் ஆகிவிட்டார்கள். ஆக 335-க்கும் 337-க்கும் நடுவில். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் பழைய காசுக்கு இரண்டு வருஷத்துக்குள் தேதி!

அடியில் உள்ள எழுத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். கான்ஸ்ட் என்று பார்த்ததும் கான்ஸ்டான்டினோபிள் என்று எழுதிவிடுவார்கள். கான்ஸ்டான்டினோபிள் என்றால் சி ஓ என் எஸ், அதற்குப் பின்னால் நாணயச்சாலையின் எந்தப் பட்டறை அடித்தது என்று காட்டும் கிரேக்க எழுத்து. பட்டறை எழுத்து முன்னால் வந்து, கடைசியில் டி-யும் இருந்தால் அது தெற்கு பிரான்சில் உள்ள ஆர்ல். அந்த ஊருக்கும் கான்ஸ்டன்டினா என்று பெயர் வைத்திருந்தார்கள். பி என்றால் முதல் பட்டறை. ஸ்பெயினுக்கு இது பக்கத்து வீடு, அதனால் அங்கே கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்த நாலாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் எங்கள் கரூர் அமராவதி மணலிலும் கிடைத்திருக்கின்றன, மதுரையிலும், இலங்கையிலும் கூட. நிறையத் தேய்ந்து மொட்டையாக இருக்கும், இங்கேயே வெகுகாலம் புழங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் பார்த்துப் பழகியதுதான் எனக்கு இந்த வீரர்கள்.

புளி வேண்டவே வேண்டாம். எலுமிச்சை, பல்பொடி, கோக் எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்புப் படலம்தான் காசைக் காப்பாற்றியிருக்கிறது, எழுத்தும் பாதி அதில்தான் நிற்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு நாலு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், மண் மட்டும் இளகும். வெளிர்பச்சையில் மாவு மாதிரி உதிர்கிறது என்றால் சொல்லுங்கள், அது வேறு வியாதி, மற்ற காசோடு சேர்த்து வைக்கக்கூடாது.

மாட்ரிட்வாசி எழுதியது:

வாயடைத்துப் போய்விட்டேன். தண்ணீர்ச் சோதனை செய்தேன், தராசு 2.8 காட்டியது, வகுத்தால் 8.4. மீன் காசு 11 கிராம், மேலே ஏதோ எழுத்து மாதிரி தெரிகிறது, கீழேயும் தேய்ந்துபோய் ஏதோ இருக்கிறது. விளிம்பில் ராவிய தடம் இல்லை. கோணல் வெள்ளியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அது உண்மையிலேயே அட்டோச்சாவா?

நோட்டக்காரன் எழுதியது:

8.4 என்றால் பித்தளை வகையறா, மேலே வெள்ளிப் பூச்சு. அந்தக் கதை முடிந்தது.

கோணல் வெள்ளியை ஒதுக்கவில்லை, நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். முதலில் அட்டோச்சா. அந்தக் கப்பல் 1622 செப்டம்பரில் ஃபுளோரிடா பக்கம் புயலில் மூழ்கியது. உங்கள் காசில் 73, அதாவது 1673. ஐம்பது வருஷம் கழித்து அடித்த காசு அந்தக் கப்பலில் ஏற முடியாது. 73-ஐப் படிக்க முடியாவிட்டாலும் தூணும் அலையுமே போதும். இதை அடித்த பொட்டோசி நாணயச்சாலை அந்த வடிவத்துக்கு மாறியது 1652-இல். ஆனால் பெரியவர் சொன்ன கதை பொய் என்பதற்காகக் காசும் பொய் என்று ஆகிவிடாது. இது எனக்கு அசலாகத்தான் தெரிகிறது.

பி என்றால் பொட்டோசி, இன்றைய பொலிவியாவில் உள்ள வெள்ளி மலை. 2 என்றால் இரண்டு ரியால், அசல் எடை 6.8 கிராமுக்குக் கொஞ்சம் கீழே, உங்களுடையது 6.2, தேய்மானத்துக்குச் சரி. இ என்பது அந்தோனியோ தெ எர்கெத்தா, 1679 வரை அங்கே நோட்டம் பார்த்தவர், ஆகவே 73-க்குப் பொருந்துகிறார். தூண்களுக்கு நடுவில் மூன்று மூன்று எழுத்தாக ஒன்பது எழுத்து இருக்கும், சேர்த்துப் படித்தால் 'ப்ளுஸ் உல்ட்ரா', இன்னும் அப்பால் என்று பொருள். கீழ் வரிசையில் 73-க்கு இரு பக்கமும் இ-யும் பி-யும் மறுபடி வரும். சிலுவைப் பக்கத்திலும் அடியில் ஆண்டு இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்படி ஒரே விஷயத்தை ஒரே காசில் இரண்டு மூன்று இடத்தில் ஏன் எழுதினார்கள்? இந்தக் காசுகளை அடித்த விதம் அப்படி. வெள்ளிப் பாளத்தைத் துண்டு போட்டு, எடை சரியாகும் வரை ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் ஓர் அடி. எடை சரியாக இருந்தால் போதும், வடிவத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதனால் எந்தக் காசிலும் முழு எழுத்தும் விழாது. ஒரு மூலையில் விழாதது இன்னொரு மூலையிலாவது விழட்டும் என்று திரும்பத் திரும்பப் போட்டார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அது கொஞ்சம் ரத்தக்கறை படிந்தது. 1640களில் பொட்டோசியில் வெள்ளி வியாபாரிகளும் நோட்டக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து செம்பைக் கலந்து அடித்தார்கள். ஐரோப்பாவில் பொட்டோசிக் காசு என்றாலே வாங்க மறுத்தார்கள், ராஜாவுக்குக் கடன் கொடுத்தவர்கள் கூட. மாட்ரிட்டிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கோமெஸ் தெ லா ரோச்சா என்ற பெரும்பணக்கார வியாபாரியையும், ராமிரெஸ் தெ அரெய்யானோ என்ற நோட்டக்காரரையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் வடிவத்தையே மாற்றினார்கள், எந்தக் காசைப் பார்த்தாலும் இது புதுசு, இதில் யார் கையெழுத்து என்று உடனே தெரியும்படி. உங்கள் காசு அந்தப் புது வடிவத்தைச் சேர்ந்தது. எனக்குக் கொடுத்தால் மற்ற நான்கையும் விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன்.

சிலுவையையும் ஒருமுறை பாருங்கள். கைகளின் நுனியில் குண்டு குண்டாக உருண்டை இருந்தால் அது மெக்சிகோ. பொட்டோசியில் நேர்க்கை, நுனியில் குறுக்குக்கட்டை.

மூன்றாவது செம்பு மராவெதி, ஸ்பெயினின் நடுப்பகுதி ராஜ்யமான காஸ்டீலின் சில்லறை. 1603-இல் ராஜா மூன்றாம் பிலிப்பு கையில் காசில்லாமல் செம்புக் காசுகளைக் கொண்டுவரச் சொல்லி மேலே ஒரு முத்திரை குத்தி மதிப்பை இரட்டிப்பாக்கினார். அவர் மகன் நான்காம் பிலிப்பு அதே வேலையை 1650கள் வரை பலமுறை செய்தார். ஒரே காசில் மூன்று முத்திரை பார்க்கலாம். உங்களுடையது இப்போதைக்குப் பன்னிரண்டு மராவெதி. முத்திரைக்குப் பக்கத்தில் ஆண்டு இருந்தால் அது முத்திரை குத்திய ஆண்டு, காசு அடித்த ஆண்டு இல்லை. வளைவுகள் வைத்த ஒரு பாலம் மாதிரி ஓரத்தில் தெரிந்தால் அது செகோவியாவின் ரோமானிய நீர்க்கால்வாய், அந்த ஊர் நாணயச்சாலையின் அடையாளம். விலை பெரிதாக வராது. ஸ்பெயினில் இது கிடைக்காத சந்தை கிடையாது.

பார்சிலோனாக்காரி எழுதியது:

ஊருக்குக் கொண்டுபோவது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன், தம்பி. ஸ்பெயினின் 1985-ஆம் ஆண்டு பாரம்பரியச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாரம்பரியப் பொருளை நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போக அனுமதி வாங்க வேண்டும். சூட்கேஸில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். உங்கள் மாகாண அரசின் பண்பாட்டுத் துறையில் விண்ணப்பிக்கலாம். அதைவிட எளிது, அங்கேயே வைத்துக்கொள்வது.

மீன் காசிலும் ரோமன் காசிலும் மண் ஒட்டியிருந்தால் இன்னொரு கேள்வி வரும்: எங்கிருந்து எடுத்தது? இங்கே அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தோண்டுவது குற்றம், மண்ணிலிருந்து கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். அதனால் அடுத்த முறை ரசீது கொடுக்கிற காசு வியாபாரியிடம் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும். துணி விரித்து விற்கிறவரிடம் ரசீது கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

மவுண்ட்ரோடு எழுதியது:

கொஞ்சம் திசை மாறுகிறேன், மன்னிக்கவும். எட்டு ரியால் அசல் ஒன்று கையில் வேண்டுமென்றால் ஸ்பெயினில்தான் தேட வேண்டும் என்று இல்லை. 1808 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் அரைப் பகோடா வெள்ளிக் காசு அடித்தது. கோபுரம் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம், எழுத்து ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு. அதற்கு வெள்ளி எங்கிருந்து வந்தது? வந்து குவிந்த ஸ்பானிய டாலர், அதாவது எட்டு ரியால், பலவற்றை உருக்கக்கூட இல்லை, அவற்றின் மேலேயே அடித்துவிட்டார்கள். சரியாக அழுந்தாத காசில் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே பழைய ஸ்பானிய எழுத்து எட்டிப் பார்க்கும். என்னிடம் இருப்பதில் ராஜாவின் மூக்கு தெரிகிறது என்று நான் சொல்வேன், வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

மாட்ரிட்வாசி, பித்தளை எட்டு ரியாலைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். பின்னால் 'போலி' என்று எழுதிய உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒன்று வாங்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.

அமராவதிக்கரை எழுதியது:

மீன் காசு 11 கிராம், மீன்களுக்கு மேலும் கீழும் எழுத்து இருக்கிறது என்றால் காதிர் என்றே எழுதி வைக்கலாம், உறுதி செய்ய மாட்ரிட்டிலேயே வழி இருக்கிறது. செரானோ தெருவில் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம், காசுக்கென்றே பெரிய சேகரிப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதோடு எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வெள்ளிக் காசின் தூண்களைப் பார்க்க டாக்டர் எஸ்குவெர்தோ தெருவில் காசா தெ லா மோனேதா அருங்காட்சியகம். அங்கே அசல் எட்டு ரியாலின் தூண்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், ஹெர்குலிஸின் தூண்கள் அவை, ஜிப்ரால்டர் நீரிணையின் இரு கரைகள். உங்கள் மீன் காசில் சிங்கத்தோல் போட்டிருப்பவரும் அவரேதான்.

படம் ஏற்ற முடிந்தால் மீனுக்கு மேலே உள்ள எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.